மாவுக்குக் காட்டிய பொறுமை

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயுற்றோருக்கும் முதியோருக்கும் நற்கருணை எடுத்துச் செல்வது பங்குப்பணியில் இருக்கும் குருக்களின் வழமை. நான் பணியாற்றிய ஒரு பங்கில், அவ்வாறு தவறாது சென்றுவந்த இல்லங்களுள் ஒன்றில் கட்டிலோடு கட்டிலாகிவிட்ட ஒரு மூதாட்டியார் இருந்தார். அவருடைய மகள் வீட்டிலிருந்தபடியே கேக் செய்து விற்பவர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் கணவரின் வருமானம் பாதியாய்ச் சுருங்கிவிட, நெருக்கடி சற்றுத் தணிந்ததும் அயலவரின் பிறந்தநாட்களுக்கும் முதல் நன்மை விழாக்களுக்கும் கேக் செய்து கொடுக்கத் தொடங்கியவர். அவருக்கு ஒரே மகன், பத்து வயது. சதுரங்கம் விளையாடுவதில் பேரார்வம் கொண்டவன். அந்த இல்லத்தில் நான் கண்டதையும் கற்றதையும், அவர்களுடைய சம்மதத்துடன் இங்கே பகிர்ந்துகொள்கின்றேன்.

ஒரு முதல் வெள்ளியன்று நற்கருணை வழங்கியபின் சமையலறைப் பக்கம் பார்த்தபோது, மேசைமீது நடுவிலே குழிவிழுந்த கேக் ஒன்று இருந்தது. “மூன்றாவது தரமும் பிழைச்சுப் போச்சுது, சுவாமி” என்றார் அந்தத் தாய், சிறிது வெட்கத்துடன். மகனின் பதினோராவது பிறந்தநாளுக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. வெளியே பார்த்தால் சாதாரணக் கேக். வெட்டினால் உள்ளே வெள்ளையும் கபிலமுமாய்ச் சதுரங்கப் பலகை. அதுதான் அவர் மகனுக்குக் கொடுக்க எண்ணியிருந்த பரிசு.

அதன் சூட்சுமத்தை அவரே எனக்கு விளக்கினார். எட்டு அங்குல வட்டத் தட்டுகள் மூன்று. வனிலா மாக்கலவை ஒன்று, கொக்கோ சேர்த்த மாக்கலவை மற்றொன்று. முதலாம், மூன்றாம் தட்டுகளில் வெளிவட்டம் கபிலம், அதற்குள் வெள்ளை, நடுவில் கபிலம். இரண்டாம் தட்டில் எல்லாம் தலைகீழ்: வெள்ளை, கபிலம், வெள்ளை. வேகவைத்து, முழுவதும் ஆறவிட்டு, இடையிடையே பட்டர் ஐசிங் பூசி ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கினால், வெட்டும் ஒவ்வொரு துண்டின் பக்கத்திலும் மூன்றுக்கு மூன்றாய் ஒன்பது சதுரங்கள் தெரியும். ஆனால் அவை சதுரங்களாய் இருக்க வேண்டுமாயின், வளையத்தின் அகலமும் அடுக்கின் உயரமும் ஒன்றாய் இருக்க வேண்டும். கேட்பதற்கு எளிது. கைக்கு எளிதன்று.

முதன்முறை கலவை தண்ணீராய் இருந்ததால் வளையங்கள் ஒன்றோடொன்று ஓடிக் கலந்துவிட்டன. இரண்டாம் முறை, கொக்கோ ஈரத்தை உறிஞ்சி அந்தக் கலவை மட்டும் இறுகிவிட, அது வெள்ளை வளையத்தை ஒரு பக்கமாய்த் தள்ளிவிட்டது. மூன்றாம் முறை, பார்க்கும் ஆவலில் போறணையின் கதவைக் காலத்துக்கு முன்னே திறந்ததால் நடுப்பகுதி அமிழ்ந்துபோயிற்று. நான்காவது, பாதி வெந்துகொண்டிருந்தபோது மின்சாரம் நின்றதனால் கெட்டது. ஐந்தாவதில் சூடு முற்றாய் ஆறுமுன் அடுக்கியதால் ஐசிங் உருகி அடுக்குகள் வழுக்கின. ஆறாவதில் எல்லாம் சரியாய் வந்தும், ஒரே மாதிரியான இரண்டு தட்டுகளை அடுத்தடுத்து வைத்துவிட்டதால் சதுரங்களுக்குப் பதிலாக நீண்ட கோடுகள் தெரிந்தன.

என்னை வியக்க வைத்தது அவருடைய கொப்பி. எண்ணெய்க் கறை படிந்த ஒரு பழைய பயிற்சிக் கொப்பியில் ஒவ்வொரு முயற்சியையும் மூன்று நிரல்களில் எழுதியிருந்தார்: ‘பிழை’, ‘காரணம்’, ‘அடுத்த முறை’. “கபிலக் கலவை இறுகியது – கொக்கோ சேர்த்த அளவுக்கு மாவைக் குறைக்கவில்லை – மாவைக் குறைத்து இரண்டு கரண்டி பால் சேர்க்க வேண்டும்.” இப்படியே ஒவ்வொன்றும். மாவை நொந்தோ, முட்டையைப் பழித்தோ, தன்னைச் சபித்தோ ஒரு சொல் அந்தக் கொப்பியில் இல்லை. பட்டரும் முட்டையும் விற்கின்ற விலையில், பிழைத்த கேக்குகளை அவர் வீசிவிடவுமில்லை. துண்டுகளாக்கி ஞாயிறு மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்கு அனுப்பினார். கோலம் பிழைத்ததேயன்றிச் சுவையில் ஒரு குறையும் இருக்கவில்லை என்பதற்கு அப்பிள்ளைகளே சாட்சி.

அடுத்த முதல் வெள்ளி வந்தது. அதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னர்தான் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகியிருந்தன. வாசலில் மகனைக் கண்டதும் நான் கேட்ட முதற்கேள்வி, “எத்தனை புள்ளி?” என்பதே. நலமா என்று கேட்கவில்லை. சதுரங்கம் எப்படி என்றும் கேட்கவில்லை. அவன் விடை சொல்லாமல் கதவின் பின்னே சென்று மறைந்தான். வெட்டுப்புள்ளிக்கு நான்கு புள்ளிகள் குறைவு என்பதையும், இரண்டு நாட்களாகத் தாய் அவனுடன் முகங்கொடுத்துப் பேசவில்லை என்பதையும் பின்னர்தான் அறிந்தேன். அந்தத் தாய் மனம் உடைந்து அழுதார். எத்தனை ரியூசன் வகுப்புகள், எத்தனை மாதிரி வினாத்தாள்கள், கேக் விற்ற காசில் எத்தனை ஆயிரம் செலவு என்று ஒவ்வொன்றாய் எண்ணிச் சொன்னார். “எல்லாம் வீணாப் போச்சுது சுவாமி” என்றார். நான் எனக்குத் தெரிந்த ஆறுதல் வார்த்தைகளைச் சொன்னேன். அவை அவருடைய செவியைத் தாண்டி உள்ளே சென்றதாய்த் தெரியவில்லை.

அப்போது கட்டிலில் இருந்த மூதாட்டியார் வாய் திறந்தார். போர்க்காலத்தில், மின்சாரம் இல்லாத ஆண்டுகளில், பெரிய சட்டிக்குள் மணல் பரப்பி, அதன்மேல் கேக் தட்டை வைத்து, மூடியின்மேல் சிரட்டைத் தணல் கொட்டி நத்தாருக்குக் கேக் செய்த கதையைச் சொன்னார். “எத்தனை தரம் மேலை கருகி உள்ளுக்கை வேகாமல் போனது. கொப்பர் ஒரு நாளும் என்னை ஏசினதில்லை” என்றார். பிறகு சிறிது நேரம் மௌனமாய் இருந்துவிட்டு மகளிடம் சொன்னார்: “பிள்ளை, அந்தக் கொப்பியிலை அவன்ரை பேரையும் ஒருக்கா எழுதன்.”

அன்று அந்த வீட்டில் அதற்குமேல் எவரும் எதுவும் பேசவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியம் என்னோடு பங்குமனை வரை நடந்து வந்தது. இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. மாவுக்குக் காட்டிய பொறுமையை நாம் ஏன் மக்களுக்குக் காட்டுவதில்லை? கேக் பிழைத்தால் காரணம் தேடுகிறோம்; பிள்ளை பிழைத்தால் குற்றவாளியைத் தேடுகிறோம். கேக்குக்கு எட்டு வாய்ப்புகள் கொடுக்க ஆயத்தமாய் இருக்கும் நமது இல்லங்களில், பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரே ஒரு வாய்ப்புத்தான்.

இந்தப் பரீட்சையைக் குறைகூறுவது என் நோக்கமன்று. வசதி குறைந்த குடும்பங்களின் திறமையுள்ள பிள்ளைகளுக்கு உதவித்தொகையும், வளம்மிக்க பாடசாலைகளுக்கு அனுமதியும் பெற்றுக்கொடுக்கும் வழியாக அது விளங்கி வருகிறது. அதனால் உயர்ந்தோர் நம்மிடையே பலர். ஆயினும் எழுதுகின்ற பிள்ளைகளுள் பெரும்பான்மையினர் வெட்டுப்புள்ளிக்குக் கீழேயே நிற்பர் என்பது அப்பரீட்சையின் அமைப்பிலேயே உள்ள உண்மை. அதை மீண்டும் எழுதவும் முடியாது. இதனை நன்கு அறிந்திருந்தும், பெரும்பான்மைப் பிள்ளைகளுக்கு நிகழக்கூடியது நம் பிள்ளைக்கு நிகழ்ந்துவிட்டால் அதைக் குடும்பத்தின் மானம் போன நிகழ்வாகக் கருதுகிறோமே, அதுதான் பிழை. கேக்கை வெட்டினால் உள்ளே இருக்கும் கோலம் தெரிகிறது. பத்து வயதில் இடப்படும் வெட்டுப்புள்ளியினால் ஒரு பிள்ளைக்குள் இருக்கும் கோலம் முழுவதும் தெரிந்துவிடுவதில்லை.

இறைவாக்கினர் எரேமியாவைக் குயவர் வீட்டுக்குப் போகுமாறு ஆண்டவர் பணித்த நிகழ்வை நாம் அறிவோம் (எரேமியா 18:1-6). குயவர் வனைந்துகொண்டிருந்த கலம் அவருடைய கையிலேயே கெட்டுப்போகிறது. கவனியுங்கள்: தேர்ந்த குயவரின் கையில் இருக்கும்போதுதான் அது கெடுகிறது. அவர் அந்தக் களிமண்ணைத் தெருவில் எறிந்துவிட்டு வேறு மண் தேடிச் செல்லவில்லை. அதே மண்ணைக் கொண்டு, தமக்கு நலமெனத் தோன்றியவாறு வேறொரு கலத்தை வனைகின்றார். முதலில் எண்ணிய கலமன்று, வேறொரு கலம். தம் பிள்ளைக்கென ஒரே ஒரு வடிவத்தை முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கும் பெற்றோர், ‘வேறொரு கலம்’ என்னும் அந்தக் குறிப்பில் சிறிது நேரம் தங்கியிருந்து சிந்திப்பது நன்று.

‘நிறைவு’ என்பதையும் நாம் தவறாகவே விளங்கிக்கொண்டிருக்கிறோம். விண்ணகத் தந்தையைப் போல் நிறைவுள்ளவர்களாய் இருக்குமாறு ஆண்டவர் இயேசு மலைப்பொழிவில் அழைக்கின்றார் (மத்தேயு 5:48). பிழையே இல்லாத விடைத்தாளைப் போன்ற வாழ்வையே அவர் கேட்கிறார் என நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் அங்கே மத்தேயு கையாளும் ‘தெலெயோஸ்’ என்னும் கிரேக்கச் சொல், தன் இலக்கை அடைந்த, முழுமை பெற்ற என்று பொருள்படுவது. அந்த அழைப்புக்குச் சற்று முன்னே ஆண்டவர் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்? நல்லோர்மீதும் தீயோர்மீதும் கதிரவனை உதிக்கச் செய்து, நேர்மையுள்ளோர்க்கும் நேர்மையற்றோர்க்கும் மழை பொழியும் தந்தையைப் பற்றியே. இதே படிப்பினையைத் தரும் லூக்கா, ‘நிறைவு’ வரும் இடத்தில் ‘இரக்கம்’ என்றே எழுதுகிறார் (லூக்கா 6:36). ஆக, விவிலியம் கூறும் நிறைவு, எவரையும் வெட்டி ஒதுக்காத அன்பின் நிறைவே.

தோற்றவருக்கு ஆண்டவர் செய்தது என்ன என்பதற்குப் பேதுருவே சான்று. தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில், குளிருக்கு மூட்டிய கரி நெருப்பருகே நின்று அவர் தம் ஆண்டவரை மறுதலித்தார் (யோவான் 18:18). உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் அவருக்காகக் காத்திருந்தபோதும் அங்கே கரி நெருப்பு மூட்டப்பட்டிருந்தது. அதன்மேல் மீன் இருந்தது. அப்பமும் இருந்தது (யோவான் 21:9). கரி நெருப்பைக் குறிக்கும் அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இவ்விரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது. தோல்வி நிகழ்ந்த நெருப்பை நினைவூட்டும் அந்த நெருப்பருகே ஆண்டவர் முதலில் அவருக்கு உணவு கொடுத்தார். அதன் பின்னரே வினவினார். வினவியதும் ‘ஏன் மறுதலித்தாய்?’ என்றல்ல, அன்பு செய்கிறாயா என்றுதான். மும்முறை தவறியவருக்கு மும்முறை வாய்ப்பு. பெறுபேறு வந்த நாளில் நம் இல்லங்களில் முதலில் வருவது உணவா, வினாவா?

பங்குக் குருக்களாகிய எங்களுடைய பாதுகாவலரும் பரீட்சையில் தோற்றவரே. 1786இல் பிரான்சில் பிறந்த புனித ஜோன் மரிய வியான்னி, புரட்சிக் காலத்தின் குழப்பங்களால் ஒழுங்கான கல்வியின்றி வளர்ந்தார். இலத்தீன் மொழி அவருக்கு ஏறவில்லை. லியோன் குருமடத்திலிருந்து, கல்வியில் தகுதி போதாதென்று வீட்டுக்கு அனுப்பப்பட்டார். எக்குல்லியின் பங்குத்தந்தை பாலே அடிகளார் அவரைக் கைவிடவில்லை. தம்மோடு வைத்திருந்து, அவருக்கு விளங்கும் வகையில் மீண்டும் கற்பித்தார். 1815இல் குருவாய்த் திருநிலைப்படுத்தப்பட்ட வியான்னி, 1818 முதல் 1859இல் இறக்கும்வரை ஆர்ஸ் என்னும் சிற்றூரில் பணியாற்றினார். அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வதற்காக மக்கள் தொலைதூரங்களிலிருந்து திரண்டு வந்தனர். மற்றவர்களின் தோல்விகளைக் கேட்டு, அவர்களை மீண்டும் எழுப்பி அனுப்புவதே அவருடைய வாழ்நாட் பணியாயிற்று. 1925இல் புனிதராக உயர்த்தப்பட்ட அவரை, 1929இல் திருச்சபை பங்குக் குருக்களின் பாதுகாவலராக அறிவித்தது. அன்று பாலே அடிகளாரும் ‘தகுதி போதாது’ என்று கையை விரித்திருந்தால் நாம் இழந்திருப்பது எத்தகைய மனிதரை!

“சுவாமி, இப்படியெல்லாம் இளக்கம் கொடுத்தால் பிள்ளைகள் சோம்பேறிகளாகிவிடுவார்களே” என்று சில பெற்றோர் கூறுவதுண்டு. நியாயமான அச்சந்தான். ஆனால் அந்தத் தாயின் சமையலறையை மீண்டும் எண்ணிப் பாருங்கள். ‘கோலம் எப்படி வந்தாலும் பரவாயில்லை’ என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. அளவைத் தளர்த்தவில்லை, வளையத்தின் அகலத்தைக் கோல் வைத்து அளந்தார். அவருடைய பொறுமை சோம்பலன்று, மிகக் கடினமான உழைப்பு. பிழையின் காரணத்தை அறிந்து, அதைத் திருத்தி, மீண்டும் தொடங்கும் உழைப்பு. ஏச்சு அந்த உழைப்பைச் செய்யாமல் தப்பித்துக்கொள்ளும் குறுக்கு வழி. பிள்ளைக்குப் பின்னக் கணக்கு ஏன் விளங்கவில்லை என்று அமர்ந்திருந்து பார்ப்பதைவிட, ‘மாடு’ என்று ஏசுவது எளிது.

குற்றம் பெற்றோருடையது மட்டுமன்று. எங்கள் பங்கிலும் ஆண்டுதோறும் பெறுபேறு வந்த அடுத்த ஞாயிறு, சித்தியடைந்த பிள்ளைகளைத் திருப்பலியின் முடிவில் பீடத்தின் முன் அழைத்துக் கௌரவிப்போம். அழைக்கப்படாத பிள்ளைகள் தம் பெற்றோரின் அருகே தலைகுனிந்து அமர்ந்திருப்பதைப் பீடத்திலிருந்து பார்த்தும் பாராதவனாய் இருந்தவன் நான். அந்த ஆண்டு, பரீட்சை எழுதிய எல்லாப் பிள்ளைகளையும் பெயர் சொல்லி அழைத்து, எல்லோருடைய தலைமீதும் கைவைத்துச் செபித்தேன். திருப்பலி முடிந்ததும் ஒருவர் என்னிடம் வந்து, “படிச்ச பிள்ளைக்கும் படியாத பிள்ளைக்கும் ஒரே ஆசீரா, சுவாமி?” என்று கேட்டார். திராட்சைத் தோட்டத்தில் விடியற்காலை முதல் உழைத்தவர்கள் தலைவரிடம் முறையிட்டதும் ஏறத்தாழ இதைத்தானே (மத்தேயு 20:1-16)! திறமையைப் பாராட்டப் பாடசாலைகளில் பரிசளிப்பு விழாக்கள் இருக்கின்றன. ஆலயத்தின் ஆசீருக்கு வெட்டுப்புள்ளி கிடையாது என்றே அவருக்கு விடை கூறினேன். இதனை ஏனைய பங்குகளும் எண்ணிப் பார்க்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

அந்தத் தாய் ஏழாவது கேக்கையும் செய்தார். அடுக்குகளின் உயரம் போதாமல் சதுரங்கள் நீள்சதுரங்களாய் வந்தன. எட்டாவதைப் பிறந்தநாளுக்கு முந்திய மாலை செய்தபோது, கலவையைப் பிழியும் பையை மகனின் கையில் கொடுத்தாராம். மறுநாள் நானும் சென்றிருந்தேன். மெழுகுதிரிகளை அணைத்துவிட்டு மகன் கேக்கை வெட்டினான். ஒன்பது சதுரங்களுள் எட்டு நேராய் நின்றன. ஒன்று மட்டும் சற்றே சாய்ந்திருந்தது. முதல் துண்டை அவன் கட்டிலில் இருந்த அம்மம்மாவிடம் கொண்டு சென்றான்.

விடைபெறும்போது அந்தத் தாய் கொப்பியைக் கொண்டுவந்து இரண்டு இடங்களை எனக்குக் காட்டினார். ஒரு பக்கத்தில் மகனின் பெயர் எழுதப்பட்டிருந்தது. அதன் கீழே: “நான்கு புள்ளி குறைந்தது – பின்னக் கணக்கு விளங்கவில்லை என்று அவன் சொன்னபோது நான் கேட்கவில்லை – அடுத்த முறை கேட்க வேண்டும்.” மறுபக்கத்தில் எட்டாவது கேக்கைப் பற்றிய குறிப்பு: “ஒரு சதுரம் சாய்ந்தது – மகன் பிழிந்தான் – அடுத்த முறையும் அவனே பிழியட்டும்.”

அன்பார்ந்த பெற்றோரே, உங்கள் பிள்ளை தலைகுனிந்தபடி வீடு வந்துசேரும் நாளொன்று என்றேனும் வரலாம். அந்நாளில் அவனுக்கு முதலில் உணவு கொடுங்கள். பிறகு அவனருகே அமர்ந்து, காரணத்தை அவனோடு சேர்ந்து தேடுங்கள். கெட்ட கலத்தின் மண்ணைக் கைவிடாத நம் இறைவன், நம் இல்லங்களுக்கும் அந்தப் பொறுமையைத் தந்தருள்வாராக.